செத்துப்போன தொட்டிக்கு உறைமோர்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் நான் மழுப்புவதே இல்லை. ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பேன். வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாண வீட்டில் என் சித்தி என்னைப் புதுச் சம்பந்தக்காரர்களிடம் அறிமுகப்படுத்தும்போது, "தண்ணி டிபார்ட்மென்ட்ல இருக்கா" என்று நைசாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. "சாக்கடைத் தண்ணி, சித்தி. முழுசாச் சொல்லுங்க" என்றேன், பந்தியில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படியாக. சித்தி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நானும் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

எங்கள் ஊர் தென்காசிக்குப் பக்கம். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் மொட்டைமாடித் துணியும் காயாது, அவ்வளவு தூரம்தான். ஊரின் கிழக்குக் கோடியில், நிலம் சரிந்து வயலாக மாறும் இடத்தில், எங்கள் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. வேதியியல் படித்துவிட்டு அங்கே பொறுப்பாளராகச் சேர்ந்தேன். ஊரின் குளியலறை, அடுப்படி, கக்கூஸ் தண்ணீர் எல்லாம் குழாய் வழியாக எங்களிடம் வந்து சேரும். சீசன் மாதங்களில் குற்றாலத்து லாட்ஜுகளிலிருந்து டேங்கர் லாரிகளும் வரும். லாரியைத் திறந்துவிடும்போது மிதக்கும் எண்ணெயைப் பார்த்தே அந்த வாரம் கூட்டம் எப்படி என்று சொல்லிவிடுவேன். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றது போக, மிச்சத்தை லாட்ஜ் பாத்ரூமில் சோப்புப் போட்டுக் கழுவி விடுவார்கள். அவர்கள் புத்துணர்ச்சியோடு ஊர் போய்ச் சேருவார்கள். எண்ணெய் எங்களிடம் வந்து சேரும்.

வரும் தண்ணீரை முதலில் கம்பித் தடுப்பில் விடுவோம். ஷாம்பு பாக்கெட், முடிக்கற்றை, டயப்பர், ஒருமுறை யாரோ ஒருவரின் பல்செட்கூட அங்கே சிக்கியிருக்கிறது. அதைத் தாண்டினால் பெரிய காற்றுத் தொட்டி. அடியிலிருந்து மெஷின் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு தொட்டிக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. மெஷின் சுத்தம் செய்கிறது என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் சுத்தம் செய்வது அந்த உயிர்கள்தான். அவற்றுக்கு மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. எங்கள் பம்ப் ஆப்பரேட்டர் அண்ணாச்சி அவற்றைப் 'பிள்ளைகள்' என்றுதான் சொல்வார். காலையில் நான் வந்து இறங்கியதும், "பிள்ளைய இன்னைக்கு நல்லா இருக்கு மேடம்" என்பார். தொட்டி நன்றாக இருந்தால் நிறம் டிகாக்‌ஷன் கூடின காப்பி போல இருக்கும். கிட்டே போனால் மழை விழுந்த மண்ணின் வாசம் வரும். ஒரு கண்ணாடிக் குடுவையில் மொண்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் கலங்கல் அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்தக் குடுவையை வெயிலில் தூக்கிப் பார்க்கும்போது எனக்கு வருகிற பெருமையைச் சித்தியிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

இத்தனை பாடுபட்டுத் தெளியவைத்த தண்ணீரை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. நிலையத்துக்குக் கீழே ஒரு வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் வயலும் தென்னந்தோப்பும். கோடையில் அங்கே தண்ணீருக்குத் தவியாய்த் தவிப்பார்கள். இருந்தாலும் எங்கள் தண்ணீர் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மாட்டுப்புல்லுக்கும் தென்னைக்கும் விடலாம் என்று பரிசோதனை முடிவுகளோடு போய்ச் சொன்னேன். ஒருவரும் மசியவில்லை. கடைசியில் ஒரே ஒருவர் சரி என்றார். அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து விவசாயம் பார்ப்பவர். ஊரில் அவருக்குப் பட்டாளத்து அண்ணாச்சி என்றே பெயர். புதிதாகத் தென்னங்கன்று நட்டிருந்தார், பக்கத்திலேயே மாட்டுப்புல்லும் போட்டிருந்தார். ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசி, வாய்க்காலில் தண்ணீர் விட அவர்தான் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஊர் ஒரு நிபந்தனை போட்டது.

"ஒரு நாள் கறுத்து வந்தாலும் சரி, நாத்தம் அடிச்சாலும் சரி, மடையில சிமென்டைப் போட்டு அடைச்சிருவோம். பொறவு நீங்க கோர்ட்டுக்குப் போனாலும் தொறக்க மாட்டோம்" என்றார்கள்.

பட்டாளத்து அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, ஒன்ன நம்பித்தான் ஊருக்கு முன்னால நெஞ்ச நிமித்திட்டு நிக்கேன். கவுத்திராத" என்றார்.

அவர் பாடு லேசில்லை. டீக்கடையில் அவரைப் பார்த்ததும் பெஞ்சில் தள்ளி உட்காருவார்கள். அந்த வயலிலிருந்து அவர் வந்தால் மனைவி வாசலிலேயே நிறுத்தி, கால் கையெல்லாம் சோப்புப் போடவைத்துத்தான் உள்ளே விடுவார். அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். கன்றுகள் தளிர்விட்டன, புல் இடுப்புக்கு மேல் நின்றது. வேலியோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு கோடை தாண்டினால் மற்றவர்களும் வாங்கிக்கொள்வார்கள் என்று நானும் அவரும் நினைத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி எங்கள் நிலையத்தைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது.

நம் ஊர்களில் பெரிய ஆள் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ரோட்டோரம் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடாகப் பிளீச்சிங் பவுடர் விழும். குப்பை அங்கேயே கிடந்தாலும் பரவாயில்லை, அதைச் சுற்றிப் பவுடர் விழுந்தால் சுத்தம் ஆகிவிட்டது என்று அர்த்தம். கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அதுதான், காய்ச்சல் பரவினாலும் அதுதான், மந்திரி வந்தாலும் அதுதான். ஆகவே அன்று காலை நான் ஸ்கூட்டியில் வரும்போது எங்கள் கேட் வரைக்கும் வெள்ளைக் கோடு வந்திருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தேன்.

உள்ளே வந்ததும் மூக்கில் ஏதோ உறைத்தது. ஆஸ்பத்திரி வாடை. ஆப்பரேட்டர் அண்ணாச்சி தொட்டிக்கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தொட்டி முழுக்க வெள்ளை நுரை. பக்கத்தில் காலிச் சாக்குகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார் துப்புரவுப் பணி மேஸ்திரி. அவரும் அவர் ஆட்களும் விடியக்காலையிலேயே வந்து வேலையை முடித்துவிட்டார்கள். அவர் முகத்தில் ஒரே பூரிப்பு.

"கோடு போட்டு முடிச்ச பொறவும் மூட்டை மிச்சம் கெடந்துது மேடம். தொட்டியில அடிச்சு விட்டுட்டோம். ஆபீசர் வார நேரம் நாத்தம்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்லா."

"நான் வேண்டாம், வேண்டாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். கேட்டாத்தானே" என்றார் ஆப்பரேட்டர் அண்ணாச்சி.

நான் கத்தின கத்தலில் வேலியில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. "கிருமியக் கொல்லுத மருந்தக் கிருமிய வளக்குத தொட்டியில கொட்டிட்டியளே! இங்கன இருந்ததெல்லாம் செத்துப்போச்சு, தெரியுமா?" என்றேன். மேஸ்திரிக்கு முதலில் விளங்கவில்லை. கிருமியைப் போய் யாராவது வளர்ப்பார்களா என்ற கேள்வி அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. வாழ்நாள் முழுக்கக் கிருமியை ஒழிக்கத்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விளங்கியதும் கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டுவிட்டு நின்றார். அதற்கு மேல் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை.

குடுவையில் மொண்டு வைத்தேன். எதுவும் படியவில்லை. கழுநீர் போல அப்படியே கலங்கி நின்றது. முதல் வேலையாக ஓடிப்போய் வாய்க்காலுக்குப் போகும் ஷட்டரை நானே இறக்கினேன். வளாகத்துக்குள் ஒரு பழைய குட்டை சும்மா கிடந்தது, தண்ணீரை அதற்குத் திருப்பினேன். ஊருக்கு லீவு விட முடியாது. யாரும் குளிக்காதீர்கள், கக்கூஸ் போகாதீர்கள் என்று தண்டோரா போடவா முடியும்? குட்டை நிறைவதற்குள் தொட்டிக்கு உயிர் வர வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கலங்கல் வாய்க்காலில்தான் போய் விழும். அப்புறம் சிமென்ட்தான்.

இதற்கு நடுவில் அதிகாரி வந்து இறங்கினார். மாலை, சால்வை, முந்திரிப்பருப்பு. தொட்டிக்கரையில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். "துளி நாற்றம் இல்லையே! இந்த மாதிரி ஒரு பிளான்ட் நான் பார்த்ததே இல்லை" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "சார், நாற்றம் இல்லாததுக்குக் காரணம் உள்ளே எதுவும் உயிரோட இல்லை. காலையிலதான் பிளீச்சிங் போட்டுக் கொன்னோம்" என்றேன். அவர் நான் ஏதோ ஜோக் சொல்கிறேன் என்று நினைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. போகும்போது என்னிடம், "கீப் இட் அப்" என்று சொல்லிவிட்டுப் போனார். எதைக் கீப் பண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கார்கள் போன கையோடு பட்டாளத்து அண்ணாச்சியின் வயலுக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. வாய்க்கால் வற்றத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு அவர் மடைப்பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்ப நீயே அடைச்சிட்டியா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. உங்க கன்னுல அந்தத் தண்ணி படக் கூடாது. தொட்டி சரியாகிற வரைக்கும் சொட்டுத் தண்ணி விட மாட்டேன்."

"சரியாகுமா?"

"ஆகணும்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "ஊர்ல கேட்டா மோட்டார் ரிப்பேர்னு சொல்லிருதேன்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. உள்ளதைச் சொல்லுங்க. பொய் சொல்லி ஆரம்பிச்சா நாளைக்கு நல்ல தண்ணி விட்டாலும் நம்ப மாட்டாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமா, மரியாதையா என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிளீச்சிங்கின் வீரியத்தை முறிக்க ஹைப்போ என்று ஒரு உப்பு உண்டு. தென்காசிக் கடைகளில் அலசி, கிடைத்ததை எல்லாம் வாங்கி வந்து கரைத்து விட்டோம். காற்று மெஷினை நிறுத்தாமல் ஓட்டினோம். ஒருவழியாக அந்த ஆஸ்பத்திரி வாடை போயிற்று. ஆனால் வெறும் தொட்டியில் தானாக உயிர் வளர்ந்து வரும்வரை குட்டை தாங்காது. வீட்டில் மோர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கி வருவோம் அல்லவா, அது மாதிரி உயிரோடு இருக்கும் வேறொரு தொட்டியிலிருந்து கொஞ்சம் கலங்கல் வாங்கி ஊற்ற வேண்டும். குற்றாலத்தில் ஒரு பெரிய லாட்ஜில் சொந்தமாகச் சின்னச் சுத்திகரிப்புத் தொட்டி வைத்திருந்தார்கள். டேங்கர் லாரியைக் கழுவி எடுத்துக்கொண்டு அங்கே போனோம். மேஸ்திரியும் கூடவே ஏறிக்கொண்டார். வர வேண்டாம் என்றேன், இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

லாட்ஜ் மேனேஜர் நாங்கள் கேட்டதைக் கேட்டு வாயைப் பிளந்தார். "எல்லாவனும் இதக் கொட்ட எடம் தேடி அலையுதான். நீங்க கேட்டு வாரிய. காசு எதுவும் கேக்கப்புடாது கேட்டியளா?" என்றார். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. இதில் ஏதோ லாபம் இருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்.

மேஸ்திரிதான் அவருக்கு விளக்கம் சொன்னார். "அது அழுக்கு இல்ல சார், பிள்ளைய. எங்க தொட்டியில பிள்ளைய பூராம் போயிட்டு. நான்தான் காரணம்." சொல்லிவிட்டுக் குழாயை அவரே தோளில் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகிறவர்கள் துண்டும் எண்ணெயுமாக எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு குடும்பம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியது. எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது. கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போகிறவர்களைவிடப் பத்திரமாக அந்த லாரியை ஊர் கொண்டுவந்து சேர்த்தோம்.

ஊற்றியாயிற்று. அடுத்த நாள் குடுவையில் ஏதோ கொஞ்சம் படிந்த மாதிரி இருந்தது, அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. ஒரு லாரிக் கலங்கல் அவ்வளவு பெரிய தொட்டிக்கு எந்த மூலைக்கு? குட்டை முக்கால்வாசி நிறைந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். சாணியைப் பால் போலக் கரைத்து விட்டால் பிள்ளைகள் பெருகும் என்று தெரியும். ஆனால் இந்தத் தொட்டிக்குச் சாணி என்றால் எவ்வளவு வேண்டும்? யாரிடம் போய்க் கேட்பது?

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது. பார்த்தால் பட்டாளத்து அண்ணாச்சி. பின்னால் டிரெய்லர் நிறையப் பச்சைச் சாணி. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு டிராக்டர்கள்.

"சாணி வேணும்னு ஒங்க ஆப்பரேட்டர் சொன்னான். எங்க மாட்டுச் சாணி போதாதுன்னு ஊர்லயும் அள்ளிட்டு வந்தேன்" என்றார்.

"ஊர்க்காரங்க எப்படிக் குடுத்தாங்க அண்ணாச்சி? மடையை அடைக்கணும்னு நின்னவங்கல்லா?"

"உள்ளதச் சொன்னேன். அந்தப் பொண்ணு நம்ம கேக்கதுக்கு முன்னாலயே ஷட்டர எறக்கிட்டு வந்து சொல்லிச்சுன்னு சொன்னேன். பொறவு அவனவனே சாணிய அள்ளிப் போட்டான். ஏ, நிக்காத, கரைக்க எடத்தக் காட்டு" என்றார்.

நான் அழுதுவிட்டேன். வேலையிடத்தில் அழக்கூடாது என்று ஒரு கொள்கையே வைத்திருந்தேன், அதெல்லாம் அன்றைக்குக் காற்றில் போயிற்று. மேஸ்திரியும் அவர் ஆட்களும் கையை முழங்கை வரை சாணியில் விட்டுக் கரைத்து, வடிகட்டி, ஊற்றினார்கள். மறுபடி போய் லாட்ஜில் இன்னொரு லாரி வாங்கி வந்தோம். மேனேஜர் இந்த முறை டீ வாங்கிக் கொடுத்தார்.

குட்டையில் நீர் கரையைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஆப்பரேட்டர் அண்ணாச்சி கேட்டிலேயே எனக்காகக் காத்திருந்தார். குடுவையை நீட்டினார். அடியில் காப்பி நிறத்தில் தடியாகப் படிந்திருந்தது. மேலே தெளிந்து நின்ற தண்ணீருக்குப் பின்னால் அவர் சட்டையின் கட்டம் தெரிந்தது. "பிள்ளைய வந்துட்டு மேடம்" என்றார். பரிசோதனை எல்லாம் செய்து, குட்டைத் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்கு ஏற்றிச் சுத்தம் செய்து முடித்த பிறகுதான் ஷட்டரைத் தூக்கினேன். தண்ணீர் வாய்க்காலில் இறங்கும்போது பட்டாளத்து அண்ணாச்சி கரையில் நின்றார். குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

அடுத்த கோடை கடுமையாக இருந்தது. கிணறுகள் வற்றின. ஒரு மத்தியானம் கேட்டில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால் இருபது முப்பது பேர், கையில் மண்வெட்டியோடு. தண்ணீர் நாறுகிறது போலிருக்கிறது, மடையை அடைக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வெளியே ஓடினேன்.

"யம்மா, நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. மேக்க இருக்கவன் பூராத்தையும் திருப்பிட்டு நிக்கான். எங்க வயலுக்கு எப்ப வாரது?" என்றார் ஒருவர்.

"ஏலே, நேத்து ராத்திரி பூராம் ஒனக்குத்தானல ஓடிச்சு!" என்று பாய்ந்தார் இன்னொருவர்.

"எங்க மாட்டுச் சாணியும்லா அதுல கெடக்கு! எங்களுக்குப் பங்கு இல்லங்கியா?" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா கத்தினார்.

நடுவில் பட்டாளத்து அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் விலக்கிக்கொண்டிருந்தார். ஆற்றுத் தண்ணீருக்குப் போடுவது போல முறை போட்டுவிடலாம், இன்னின்ன வயலுக்கு இன்னின்ன நாள் என்று அவர் சொல்ல, யாருக்கு முதல் முறை என்பதில் மறுபடி சண்டை மூண்டது. எங்கள் சாக்கடைத் தண்ணீருக்கு முறை! நான் கேட்டில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். "யம்மா, ஒரு வார்த்த சொல்லி முடிச்சு வை" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கத்தினார். சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போடட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.